புதுக் கணக்கு வேண்டாம், பிள்ளை

வேலணை,
புரட்டாதி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகள் நிலாந்தினிக்கு,

நான் சுகமாயிருக்கிறேன், நோர்வேக் குளிருக்குள் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் காலையும் மாலையும் கரைச்சல்படுத்திக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்க இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று சிரிக்காதே. போனில் நீ எப்போதும் ஒற்றைக் காலில் நிற்கிறாய், நான் சொல்ல வந்ததைத் தொடங்குமுன்னம் சரி அப்பா வைக்கிறன் என்கிறாய். சந்தியடிச் சுலோஜனா ரீச்சர் அடுத்த கிழமை ஒஸ்லோவுக்கு மகளிடம் போகிறா, அவவிடம் பனங்கிழங்கு அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன், அதற்குள் இதையும் வைக்கிறேன். இங்கே மழை இன்னும் இறங்கவில்லை, கிணற்றில் அடி தெரிகிறது. எனக்கு முழங்கால் நோவைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்தக் கடவுச்சொல் விசயத்தில் நீ என்னை ஏசியது முழுக்க நியாயம். படம் பார்க்கிற கணக்குத்தானே, யார் பார்த்தால் என்ன என்று நினைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஜெகதீஸ் வந்து கேட்டான், தேங்காய் திருவுகிற திருவலையை இரவல் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டேன். அவன் பிரான்சில் இருக்கிற தம்பிக்குக் கொடுக்க, தம்பி லண்டனில் இருக்கிற மாமியார் வீட்டுக்குக் கொடுக்க, வெளிநாட்டில் கிடக்கிற பாதி ஊரும் உன் கணக்குக்குள் வந்து குந்திவிட்டது. கூப்பிட்டுக் கேட்டால், அண்ணை, நான் என்ரை தம்பிக்கு மட்டும்தான் குடுத்தனான் என்கிறான். தம்பிக்காரனும் ஒரு ஆளுக்கு மட்டும்தான் கொடுத்தவனாம். ஆனால் உன்னிலும் பிழை இருக்கிறது பிள்ளை. அம்மாவின் பெயரையும் நீ பிறந்த ஆண்டையும் சேர்த்து வைத்தால் வேலணையில் அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கெட்டிக்காரன் தேவையில்லை. அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தாய், முகம் தெரியாத எவனோ அதற்குள்ளும் புகுந்து உன் வேலையிடத்துக்குக் கண்டபடி எழுதி, நீ நித்திரையில்லாமல் திரிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

நீ மாற்றித் தந்த புதுச் சொல்லைப் பாடமாக்கிவிட்டேன். ஒன்றோடொன்று ஒட்டாத நீளமான சொற்கள், நல்லதுதான். எங்கும் எழுதி வைக்கவில்லை, இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன், பயப்படாதே. ஒன்றே ஒன்றுதான் குறை. முந்தி கரண்ட் போய் வந்து ரீவி எல்லாவற்றையும் மறந்து நிற்கிற நேரங்களில் ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாய் அம்மாவின் பெயரை அமத்துவேன். அவ போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெயரை நான் எழுதினது அங்கே மட்டும்தான். சொல்லுக்கு மேலே உன் போனுக்கு ஒரு இலக்கமும் வரும், அதையும் போட்டால்தான் திறக்கும் என்கிற ஏற்பாடு எனக்கு மெத்தப் பிடித்தது. முந்தி நான் மாத்தறையில் நடத்திய கடையிலும் எங்களுக்கு இரண்டு பூட்டு, ஒரு திறப்பு என்னிடம், மற்றது பங்காளி ஐயாத்துரையிடம். அவர் ஒருமுறை தன் திறப்பைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தும் கடை தப்பியது.

போன கிழமை ரீவி திரும்பவும் இலக்கம் கேட்க, நான் உனக்குப் போன் எடுத்தேன். அப்பா, நான் வேலையில நிக்கிறன், இப்ப ஏலாது, உங்களுக்குத் தனியாய் ஒரு கணக்கு எடுத்துத் தாறன், இலக்கம் உங்கட போனுக்கே வரும், ஒரு கரைச்சலும் இல்லை என்றாய். அன்றையிலிருந்து ரீவி பூட்டியபடி கிடக்கிறது. பிறகு நீ எடுத்தபோதும் தனிக் கணக்கு வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுதான் எழுதுகிறேன். நான் அதில் படம் பார்ப்பது குறைவு. இந்தக் காலத்துப் படங்களில் ஒருத்தரும் விளங்கக் கதைப்பதில்லை. பின்னேரம் விளக்கு வைத்த பிறகு உன் பெயர் போட்ட கட்டத்துக்குள் போவேன். நீ பாதியில் விட்ட படங்கள் வரிசையாய் நிற்கும், ஒவ்வொன்றுக்குக் கீழும் எதுவரை பார்த்தாய் என்று ஒரு சிவப்புக் கோடு இருக்கும். நேற்றையக் கோடு இன்றைக்கு நீண்டிருந்தால் பிள்ளை வேலையால் வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் காலை நீட்டி இருந்திருக்கிறாள் என்று நினைப்பேன். ஒரே படத்தைத் தொடங்கித் தொடங்கி விட்டிருந்தால் களைத்துப்போய் நித்திரையாகிவிட்டாய். பங்குனியில் கன நாள் ஒரு கோடும் அசையவில்லை. கேட்டால், ஒன்றுமில்லை அப்பா, நல்லாய் இருக்கிறன் என்றாய். நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததை வருசப்பிறப்புக்குத்தான் சொன்னாய். எனக்கு முன்னமே பயம் பிடித்திருந்தது. கோடு திரும்ப அசைந்த அன்று கோயிலில் தேங்காய் உடைத்தேன், என்ன விசேசம் என்று ஜெகதீஸ் கேட்டான், சும்மா என்று சொல்லிவிட்டேன். அந்தப் படங்களை நான் ஓடவிடுவதே இல்லை. ஓடவிட்டால் கோடு நகர்ந்துவிடும், பிறகு நீ எங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியாது. கோடுகளைப் பார்த்துவிட்டு ரீவியை நிற்பாட்டிவிடுவேன்.

புதுக் கணக்கு எடுத்தால் அதற்குள் நான் மட்டும்தான் இருப்பேன். இந்த வீட்டுக்குள்ளும் அப்படித்தானே இருக்கிறேன். அப்பா உளவு பார்க்கிறார் என்று உனக்குக் கோபம் வந்தால் உன் கட்டத்துக்கும் ஒரு பூட்டுப் போடு, அது உன் உரிமை, எனக்குக் கவலையாய் இருக்கும், ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கடவுள் உன்னை ஒரு நோய்நொடியும் அண்டாமல் வைத்திருக்கட்டும். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறு வேறு சொல் வைத்தாயா என்று ஒருக்கால் பார். உன் போனுக்கு வருகிற இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதே, அப்பா கேட்கிறேன் என்று எழுத்தில் வந்தாலும் நம்பாதே, என் குரலைக் கேட்ட பிறகு சொல்லு. இது உன் கையில் கிடைக்கிற கிழமையே, சனிக்கிழமையில், அந்த இலக்கத்துக்காகப் போன் எடுக்கிறேன், அன்று உனக்கு வேலை இல்லைத்தானே. அவசரப்படாமல் ஆறுதலாய்ச் சொல்லு பிள்ளை, சொல்லி முடிக்குமுன்னம் அந்த இலக்கத்தின் நேரம் முடிந்துபோனால் இன்னொன்று கேட்டு எடுப்போம்.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
க. அரியநாயகம்