நீ எண்ணிக்கொண்டிருந்தபோது

நேற்று நம் எஸ்டேட் ஆபீஸில் கணினிகளை இணைத்திருந்த பழைய ஹப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் அதே வேலைக்குப் புது சுவிட்ச் வந்துவிட்டது. தூக்கி எறியச் சொன்ன ஹப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். சூடேறிய தூசியின் மணம் இன்னும் போகவில்லை. எஸ்டேட் ஆபீஸில் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்த மூன்று வருடமும் நமக்கு நடுவே இருந்த மணம்.

அதன் ஆரஞ்சு விளக்கு உனக்கு நினைவிருக்கும். நான்கு கணினிகளுக்கும் ஒரே பாதை. ஒன்று பேசினால் மற்றவை கேட்க வேண்டும். இரண்டு சேர்ந்து பேசினால் மோதல், விளக்கு மின்னும். இரண்டும் நிறுத்தி, தனித்தனியே சற்று காத்திருந்து, மறுபடி தொடங்கும். இதற்குப் பெயர் ஹாஃப் டூப்ளெக்ஸ். கேபிள் போட வந்தவர் இதைச் சொல்லிவிட்டுப் போன அன்றே நீ ஆரம்பித்துவிட்டாய். "ஏம்புள்ள, நாமளும் அப்படித்தான? சேர்ந்து சேர்ந்து வாயத் தொறக்கறோம். இனிமே ரெண்டு பேரும் நிறுத்தோணும். மனசுல ஒரு நம்பர் நெனச்சு எண்ணோணும். யாரு மொதல்ல முடிக்கறாங்களோ அவங்க பேசலாம்."

அதுவே நம் வழக்கமானது. இருவரும் திடீரென்று வாய்மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஒருநாள் மிரண்டுபோனார்.

"ஏனுங்க அம்மணி, சண்டையாங்க?"

"இல்லீங்க, எண்ணிக்கிட்டு இருக்கறோம்."

"காப்பி மூட்டைய எண்ணச் சொன்னா மட்டும் தூக்கம் வருதாக்கும்."

அந்தக் கடைசி சாயங்காலம் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் உன் ஊருக்குப் போகும் மஞ்சக்குட்டை பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். பனி இறங்கியிருந்தது. "ஒன்னு சொல்லோணும்" என்று நீ தொடங்கிய அதே நொடியில் நானும் தொடங்கினேன். இருவரும் நிறுத்தினோம். நீ கண்ணை மூடி எண்ணினாய். நான் எண்ணவில்லை. ஒன்றுகூட எண்ணாமல், முடித்துவிட்டவள்போல் பேசினேன். என்ன பேசினேன்? முந்தின நாள் படித்து முடித்த நாவலின் முடிவு. பஸ் வரும்வரை அதையே சொன்னேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். "செரி புள்ள, நாளைக்குச் சொல்றேன்" என்று ஏறிப் போனாய்.

மறுநாள் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாயாம். சேலம் ஆஸ்பத்திரிக்கு ஜீப் மலையிறங்கும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பையில பூரா தலைவலி மாத்திர அட்டையா கெடக்குது. ஊட்டுல ஒருத்தருகிட்டயும் மூச்சு விடல. உன்கிட்டயாவது சொன்னாளா சாமி?"

"இல்லீங்கம்மா" என்றேன். பொய் இல்லை. நான் சொல்ல விடவில்லை என்பதை மட்டும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

தலைவலியைத்தான் சொல்ல வந்தாயா? சொல்லியிருந்தால் அப்போதே உன்னை இழுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறியிருப்பேனே! இல்லை, வேறு ஏதோவா? யாரிடம் போய்க் கேட்பேன்?

புது சுவிட்சில் மோதலே கிடையாதாம். போக ஒரு வழி, வர ஒரு வழி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம், இரண்டு பேச்சும் போய்ச் சேரும். ஃபுல் டூப்ளெக்ஸ். "இத முன்னாடியே போட்டிருக்கக் கூடாதாங்க?" என்று மாட்ட வந்தவரிடம் கேட்டுவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த கேபிளை மாட்டினார்.

இப்போதும் யாராவது என்னோடு சேர்ந்து வாய்திறந்தால் நிறுத்திவிடுகிறேன். எண்ணுகிறேன். அவர்கள் பேசி முடித்து எழுந்து போன பிறகும் எண்ணுகிறேன். அன்று நீ மனதில் நினைத்த எண் எதுவென்று தெரியாது. அதனால் எங்கே நிறுத்துவதென்றும் தெரியவில்லை.