அண்ணனின் இசைத்தட்டுப் பிள்ளையார்

நம் வூட்டுச் சிற்பி அவர்களுக்கு,

பீங்கான் கம்பெனியில் இன்று சூளை பிரிக்கிறார்கள். நான் வர மூணு மணி ஆகும். குழம்பு அடுப்பின் மேல் இருக்குது. அப்பளத்தை நீங்களே பொரிச்சுக்குங்க.

பன்னிரண்டு மணிக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து எங்க அண்ணன் வருகிறார், தன் கல்யாணத்தில் போட்ட நாதஸ்வர இசைத்தட்டை வாங்கிப்போக. "பெட்டியில இருக்குற எல்லாத்தையும் அறுத்துக்குங்க மாப்ள, மஞ்சள் உறைய மட்டும் தொடாதீங்க" என்று, பழைய இசைத்தட்டுப் பெட்டியை உங்க சிற்ப வேலைக்குக் கொடுத்தபோது அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது. நீங்களோ முதலில் மஞ்சள் உறையைத்தான் பிரித்திருக்கிறீர்கள். நேற்று கேட்டால், "கீறல் விழுந்த தட்டுல பிள்ளையார் செஞ்சா தெய்வக் குத்தம். உனக்குக் கலை தெரியாது" என்று எனக்கே பாடம். ரம்ப மிஷின் வாங்கி இருபது நாள்தானே ஆச்சு!

பிள்ளையார் தொப்பையில் அண்ணன் எழுதிய கல்யாணத் தேதியோடு சிவப்பு லேபிள் அப்படியே இருக்குது. அதன்மேல் சந்தனம் அப்பி, பூசை மாடத்தில் வைத்திருக்கிறேன். அண்ணன் கும்பிடுவார், பாடச் சொல்ல மாட்டார். தட்டைக் கேட்டால், "அவ வந்து தேடித் தருவா" என்று மட்டும் சொல்லுங்க.

– சிவசங்கரி

பி.கு: ரம்பம் கிழித்த கட்டைவிரலோடு அடுப்புப் பக்கம் போக வேண்டாம். அப்பளமும் பொரிச்சு டப்பாவில் வெச்சுட்டேன்.

இன்னொன்று: அண்ணனுக்கு எவ்வளவு வேர்த்தாலும் ஃபேன் போடாதீங்க. சந்தனம் காய்ஞ்சு உதிர்ந்துடும்.