புளூபெரி மேல் போட்ட பழி

இன்று காலை ராஸ்பெரி டப்பாவைத் திறந்தேன். புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை. நீ இறந்து இரண்டு வருடம். அதன் பிறகு புதிதாக எந்தப் பழத்தையும் நான் வாயில் வைக்கவில்லை.

மலேசியாவின் ஸ்கூடாயில் நாம் படித்தபோது சேர்ந்திருந்த வாடகை வீடு. எனக்கு அடிக்கடி தோலில் தடிப்பு வந்தது; சில உணவுகளில் இருக்கும் ஹிஸ்டமின் என் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றார் மருத்துவர். சில வாரம் பலவற்றை நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் பாதியை மட்டும் செய்தேன். சோறு, கோழி, வெள்ளரிக்காய். தடிப்பு அடங்கியது. வேறு எதையும் தொடப் பயம்.

"ஆஸ்பத்திரி சாப்பாடுகூட உன் தட்டைப் பாத்துச் சிரிக்கும் லா," என்றாய்.

உன் ஊரான சாஆவுக்குப் போய்த் திரும்பிய ஒரு ஞாயிறு, புளூபெரி வாங்கிவந்தாய். ஐந்து சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் கழுத்தெல்லாம் தடிப்பு. பெரி வகை மொத்தத்தையும் பட்டியலில் அடித்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நீ அப்படியே நின்றாய்.

"அலமாக்! புளூபெரி தின்ன அன்னைக்கும் இதைத்தானே சாப்பிட்டோம்?"

"நான் சோறும் வெள்ளரிக்காயும்தான் சாப்பிட்டேன்."

"அப்ப சம்பலை வழிச்சு நக்குனது யாரு, பக்கத்து வீட்டுப் பூனையா? அதுல பெலாச்சான் இருக்குடி. புளிக்க வச்ச கூனி. உனக்கு ஆகாதுன்னு டாக்டர் முதல்ல சொன்னதே அதான்!"

அந்த மிளகாய்ச் சம்பலை நான் ஒரு சாப்பாடாகவே எண்ணியதில்லை. சோறு என்றால் அதன் ஓரத்தில் சம்பல் இருக்கும், அவ்வளவுதான்.

"பாவம், பழத்து மேல பழி போட்டுட்டோம்," என்றாய்.

இரண்டு நாள் வெறும் சோறும் கோழியும். மூன்றாம் நாள் ஐந்து புளூபெரி. எதிரே உட்கார்ந்து நீயும் ஐந்தே சாப்பிட்டாய். மீதியையும் நீயே தின்னலாமே என்றேன்.

"உனக்கு அஞ்சுன்னா எனக்கும் அஞ்சு. பேசாம உக்காரு."

ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம் ஸ்ட்ராபெரி. அது உண்மையாகவே அரித்தது. நீ கைதட்டிச் சிரித்தாய். அன்று நானும் சிரித்தேன்.

இன்று இரண்டு ராஸ்பெரி. இரண்டு நாளாகச் சம்பல் இல்லை, ஊறுகாய் இல்லை. எதிர் நாற்காலி காலி. முதல் பத்து நிமிடம் கடிகாரத்தையே பார்த்தேன். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காதுக்குப் பின்னால் லேசான அரிப்பு. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது.

நோட்டில் எழுதினேன். ராஸ்பெரி, இரண்டு, வேண்டாம்.

அதற்குக் கீழே, அடுத்த வாரத்துக்கு: மல்பெரி.