முயற்கொட்டிலின் வைக்கோல் மேடு குறித்துக் கருவேலி வேந்தருக்கு

வெண்குன்றத்தின் உச்சியில் விளக்கு அணையாதிருக்க. கருவேலி நாட்டின் ஏரிகள் வற்றாதிருக்க. அந்நாட்டுத் தாய்மாரின் மடி வெறுமை காணாதிருக்க.

குன்றுசூழ் நாடுடையாரும் ஆற்றுத்துறைகள் அனைத்திற்கும் உரியாருமான அரசி நன்முகையார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் அமைச்சன் பெருஞ்சாத்தன், மதில் கடந்த மாவீரர் குடியில் தோன்றியவரும் வேழப்படை உடையவருமான கருவேலி வேந்தர் அரட்டவேள் அவர்களின் திருமுன் வைக்கும் ஓலை.

தங்கள் தூதர் கொணர்ந்த ஓலை எங்கள் அவையில் படிக்கப்பட்டது. தங்கள் மகனார் இளவரசர் கண்டீரர் எங்கள் கிழக்கு மதிலடியில் வஞ்சகக் கண்ணியில் வீழ்த்தப்பட்டார் என்றும், அதை அமைத்தவள் முயற்கொட்டிலைக் காக்கும் கொற்றி என்னும் சூனியக்காரி என்றும், அவளுடைய இரண்டு கைகளையும் வெட்டி உயிரோடு அக்கரைக்கு அனுப்ப வேண்டும் என்றும், தவறினால் ஆற்றில் வெள்ளம் வருமுன் தங்கள் படை மீண்டும் இறங்கும் என்றும் அதில் கண்டிருந்தது. அரசியார் அதைக் கேட்டு, எங்களுக்குப் பெருமை தருவதையும் தராததையும் மறைக்காமல் நடந்தது நடந்தபடி எழுதுக என்று பணித்தார். அன்று பேசியவர்களின் பேச்சு மெருகிடப்படாமல் அப்படியே கீறப்பட்டிருக்கிறது. அவைக்குரிய மொழி அன்று எனினும் தாங்கள் பொறுத்தருள்க.

கொற்றிக்குச் சூனியம் தெரியாது. உடன்படிக்கை செய்யும் அரசர்கள் சிற்றுயிர் இணை ஒன்றை எங்களுக்கு அனுப்புவதும், அவ்வுயிர்களையும் அவற்றின் வழிவந்தவற்றையும் நாங்கள் கொல்லாமல் காப்பதும் வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தாங்களும் முன்பு வெள்ளை முயல் இணை ஒன்றை அனுப்பினீர்கள். இப்படி வந்த முயலும் காடையும் வெள்ளெலியும் பெருகி எங்கள் கொட்டிலை நிறைத்திருக்கின்றன. அவை வைக்கோலிலும் உமியிலும் தச்சர் தரும் மரச்சீவலிலும் படுக்கின்றன. அப்படுக்கையை அள்ளி மாற்றுவது கொற்றியின் தொழில். நனையாத வைக்கோலை உதறி வெயிலில் காயவைத்துக் குதிரைகளுக்கு அடியில் விரிப்பாள். நோயுற்ற உயிர் கிடந்ததைத் தனியே எரித்துவிடுவாள். புழுக்கையும் மூத்திரமும் ஊறியதைக் கூடையில் சுமந்து கிழக்கு மதிலடிக்குக் கொண்டுபோய், பச்சைத் தழையோடு மாற்றி மாற்றி அடுக்கி, நீர் தெளித்து மேடாக்குவாள். அது மக்கும்போது உள்ளே கை வைக்க முடியாதபடி கொதிக்கும். கூரிய கவர்முனை உடைய கவைக்கோலால் கிளறிக் கிளறிக் காற்று விட்டால் சூடு தணிந்து, கறுத்து, உதிர்ந்து மண்ணாகும். எங்கள் பூசணிக்கும் கீரைக்கும் அதுதான் எரு.

தங்கள் படை எங்களை வளைத்தபோது வாயில்கள் அடைபட்டன. எருவண்டி வெளியே போக வழியில்லை. குதிரைக்கொட்டிலின் குப்பையும் அதே மேட்டில் வந்து விழுந்தது. கிளறுவதற்கு இருந்த ஆட்களை மதிலுக்கு அழைத்துக்கொண்டார்கள். ஒருத்தியாய்க் கொற்றியால் அதைப் புரட்ட முடியவில்லை. மழையில் நனைந்து அழுகிவிடாதிருக்க அதன்மேல் கூரை வேய்வதுபோல் உலர்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பினாள். பார்ப்பவர் கண்ணுக்கு அது புதிதாய் அடுக்கிய வைக்கோற்போர். உள்ளே வெந்து கரைந்து பொந்து விழுந்திருந்ததை அவள் மட்டுமே அறிந்திருந்தாள், அஞ்சியும் இருந்தாள்.

மதிற்காவலர்கள் அவளைக் கேலி செய்தார்கள். "என்ன புழுக்கை ராணி, உன் மலை எங்க மதிலைத் தாண்டிரும் போலிருக்கே?" என்றான் ஒருவன். பசி முற்றிய நாளில் அவனே கொட்டில் வாசலில் வந்து நின்றான். "ஒரே ஒரு முயல் குடுக்கா. அரசிக்கு எங்க தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்டா. உன்னை உரிச்சு உலையில போட்டாலும் போடுவேன், அதுக மேல கை வைக்க விடமாட்டேன்."

"எதிரி அனுப்புன முயலுக்கு இம்புட்டுப் பாசமா?"

"முயலா வந்து நம்ம வாசலை இடிக்குது? போய் இடிக்கிறவனைப் பாரு போ."

தங்கள் படையின் இறுதித் தாக்குதல் கிழக்கு மதிலில் நிகழ்ந்தது. கொதிக்கும் எண்ணெய் தீர்ந்து, கட்டிலையும் கதவையும் பிளந்து எரித்த விறகும் தீர்ந்து, வெறும் கல்லை எறிந்துகொண்டிருந்தார்கள் எங்கள் வீரர்கள். அவர்களுக்குக் கல் சுமந்தவர்களுள் கொற்றியின் தம்பி செம்பனும் ஒருவன். ஏணியில் முதலில் ஏறிவந்த இளவரசரின் கோடரி அவன் தலையைப் பிளந்தது. அவன் மதிலிலிருந்து தமக்கையின் காலடியில் விழுந்தான். அவன் மூளை அவள் சேலையில் தெறித்தது. அவள் அழவில்லை என்றும், கீழே கிடந்த கவைக்கோலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள் என்றும் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கருவேலியின் மதில்தாவிகள் சிறுவயது முதல் வைக்கோற்போரின்மீது குதித்துப் பழகுபவர்கள். தலைவன் முதலில் குதித்தபின் மதிலின்மேல் ஒருவரும் நின்றுவிடலாகாது என்பது தங்கள் குடியின் நெறி. இளவரசர் மதிலின்மேல் நின்று கீழே பார்த்தார். பக்கத்தில் படிக்கட்டு இருந்தது. அங்கே எங்கள் ஈட்டிகள் இருந்தன. நேர்கீழே வைக்கோல் இருந்தது.

கொற்றி அவர் நோக்கத்தைக் கண்டுகொண்டாள். கவைக்கோலை ஆட்டி ஆட்டிக் கத்தினாள்.

"ஏய், குதிக்காதே! உள்ள வேகுது! குதிக்காதேடா, வெந்துருவ!"

இளவரசர் சிரித்தார். "பாருங்கடா, முயல்காரி வைக்கோலுக்கு அழுவுறா! அழாத, இறங்கி வந்து உனக்கொரு வண்டி வைக்கோல் தாரேன்!"

சொல்லிக்கொண்டே குதித்தார்.

மேல்வைக்கோல் அவரைத் தாங்கவில்லை. மார்பளவு உள்ளே போனார். நெடுநாள் அடைபட்டிருந்த ஆவி பீறிட்டு வெளியே வந்தது. அதன் நெடியில் அருகே நின்ற எங்கள் ஆட்களுக்கே கண் தெரியவில்லை. அவர் எழுப்பிய ஓலத்தைக் கேட்டும் பின்னே நின்றவர்கள் நிற்கவில்லை. நெறி அவர்களை நிற்க விடவில்லை. ஒருவர்மேல் ஒருவராகக் குதித்தார்கள். பின்னால் விழுந்தவர்கள் முன்னால் விழுந்தவர்களை இன்னும் ஆழத்திற்கு மிதித்து அழுத்தினார்கள். அடியில் கிடந்தவர்கள் மூச்சு முட்டியும் வெந்தும் செத்தார்கள். ஏறிவரத் தவித்தவர்களை எங்கள் ஈட்டிக்காரர்கள் கரையில் நின்று மீனைக் குத்துவதுபோல் குத்தினார்கள். இது எங்களுக்குப் பெருமை அன்று, நடந்தது.

கொற்றி மேட்டின் விளிம்பில் ஏறினாள். ஏறிய இடத்தில் அவள் கால்களும் வெந்தன. தங்கள் வீரன் ஒருவன் அவள் கூந்தலைப் பற்றி உள்ளே இழுத்தான். அவள் கவைக்கோலை அவன் தொண்டையில் இறக்கினாள். வேறொருவன் குத்துவாளோடு பாய்ந்தான். அவன் வயிற்றிலும் அதை இறக்கி, காலால் அவனை மிதித்துப் பிடுங்கிக்கொண்டாள். இந்த இருவரையும் கொன்றவள் அவளே. பின்பு அதே கவைக்கோலின் கைப்பிடியை இளவரசரிடம் நீட்டினாள். அவர் பற்றிக்கொண்டார். அவள் இழுத்தாள். இளவரசர் வெளியே வந்தார். அவர் கால்களின் தோல் வைக்கோலோடு உள்ளேயே தங்கிவிட்டது.

எங்கள் காவல்தலைவன் மாவளத்தான் வாளை உருவிக்கொண்டு ஓடிவந்தான். "தள்ளு கொற்றி! இவன் தலையை மதில்ல நட்டா மிச்சப் பயலுவ எல்லாம் ஓடிருவானுவ!"

கொற்றி நகரவில்லை. "நடு. முதல்ல என் தலையை வெட்டி நட்டுட்டு அப்புறம் இவன் தலையை நடு."

"உன் தம்பியைக் கொன்னவன்டி இவன்!"

"எனக்கா சொல்ற? எந்தம்பி மண்டை இந்தா என் சேலையில ஒட்டியிருக்கு. வெந்து உரிஞ்சு கிடக்கிறவனை வெட்டுறதுக்கு உனக்கு வாள் எதுக்கு? அடுப்படிக் கரண்டி போதுமே. போ, நிக்கிறவன் எவனாவது இருந்தா போய் வெட்டு."

மாவளத்தான் காறித் துப்பிவிட்டுப் படிக்கட்டை நோக்கிப் போனான்.

அன்று கோட்டைக்குள் உலர்ந்த படுக்கை ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஆகவே முயல்களுக்கென்று வைத்திருந்த புதிய வைக்கோலைக் கொட்டிலின் தரையில் விரித்து, அதன்மேல் வாழையிலை பரப்பி, அதில் இளவரசரைக் கிடத்தினாள். மருத்துவர் வந்து பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். கொற்றி ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபக்கம் செம்பனின் உடல் அடக்கத்திற்குக் காத்துக் கிடந்தது. அவள் இங்கும் அங்குமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளவரசர் தண்ணீர் கேட்டார், கொடுத்தாள். கொஞ்சம் தெளிந்தபின் அவளிடம் பேசினார். "நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுமா குதிச்ச?"

"ஆவி கிளம்புறதும் தெரிஞ்சுச்சு. பின்னால என் ஆளுங்க பாத்துட்டு நின்னாங்களே. என்ன பண்றது?"

தங்கள் படை பின்வாங்கிப் போர்நிறுத்தத்தின் முரசு ஒலிக்குமுன் அவர் உயிர் பிரிந்தது. இந்தப் பேச்சைக் கேட்டவர்களுள் தங்கள் வீரன் ஒருவனும் உண்டு. மேட்டிலிருந்து உயிரோடு மீண்டவன் அவன் ஒருவனே. அவனும் அதே வைக்கோலில் அடுத்துக் கிடந்தான்.

தம்பியைக் கொன்றவனை எச்சரித்தது ஏன் என்று அவையில் அரசியார் கொற்றியைக் கேட்டார். அவள் மொழிந்தது இது: "தெரியலைங்க தாயே. ஊரான் புள்ள அடுப்பாண்ட போனாலும் வாய் தானா கத்துமுல்ல, அப்படித்தான் கத்துச்சு. யோசிச்சிருந்தா கத்தியிருக்க மாட்டேன்."

ஆகவே எங்கள் அரசியின் தீர்ப்பு இது. கொற்றி அனுப்பப்பட மாட்டாள். இளவரசரின் உடல், இதுநாள்வரை தேனில் இட்டுக் காக்கப்பட்டு, கழுவப்பட்டு, நறும்புகை ஊட்டப்பட்டு, அரசகுமாரருக்குரிய துகில் போர்த்தி, அவருடைய கோடரியோடு இந்த ஓலையுடன் வருகிறது. அக்கோடரியில் இருந்த இரத்தத்தை நாங்கள் துடைக்கவில்லை, அது செம்பனுடையது. தாங்கள் அனுப்பிய முயல்களின் வழிவந்தவை நலமாக இருக்கின்றன. உடன்படிக்கையைத் தாங்கள் முறித்தீர்கள், அவை முறிக்கவில்லை.

மதிலடியில் இருந்ததை வஞ்சகக் கண்ணி என்று தாங்கள் எழுதினீர்கள். அன்று அது பூசணிக்கு எரு. தங்கள் ஓலை படிக்கப்பட்ட மறுநாள் அரசியார் கொற்றியை அழைத்து, கண்ணி என்றே ஆகட்டும் என்றார். இப்போது எங்கள் மதிலின் நான்கு புறத்திலும், உள்ளடியில், இடைவெளியின்றி மேடுகள் எழுந்து நிற்கின்றன. கொட்டில், குதிரைலாயம், மாட்டுத்தொழுவம் மூன்றின் படுக்கையும் அவற்றுக்குப் போகிறது. சில மேடுகள் முன்பே ஆறி மண்ணான பழைய எருவைக் கொட்டியவை; குழந்தை குதித்தாலும் நோகாது. சில கொதிக்கின்றன. எல்லாவற்றின்மீதும் ஒரே வைக்கோல் ஒரே தடிப்பில் வேயப்பட்டிருக்கிறது. எது ஆறியது, எது கொதிப்பது என்று கொற்றி மட்டுமே அறிவாள். அரசியார் அவளைக் கேட்கவில்லை, அமைச்சனும் கேட்கவில்லை. சூடு குறைந்ததைக் கிளறி, ஆறியதை மாற்றி, நாள்தோறும் அவள் அவற்றின்மீதுதான் நிற்கிறாள். தாங்கள் கேட்ட அந்த இரண்டு கைகளுக்கும் இங்கே ஓயாத வேலை இருக்கிறது.

இவ்வோலையைச் சுமந்துவருபவன் மேட்டிலிருந்து மீண்ட தங்கள் வீரன். அவன் நடக்க இயலாதவன் ஆகையால் பல்லக்கில் அனுப்பியிருக்கிறோம். தாங்கள் மறுமொழி எழுதுமுன், தங்கள் மதில்தாவிகள் அனைவரையும் அவைக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் அவன் கால்களின் கட்டுத்துணியை அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்பது அரசியின் வேண்டுகோள். எங்கள் கரையில் தங்கள் படையின் கால் படக்கூடாது என்பது அரசியின் ஆணை.

வெண்குன்றத்து முயல் இலச்சினை அரசியின் கையாலேயே பொறிக்கப்பட்டது. கருவேலியில் இனியேனும் தந்தையர் நெடிது வாழ்க. அவர்கள் மைந்தர் அவர்களினும் நெடிது வாழ்க.