உறைமோர்க் கிண்ணம்

அகரம்

பிரியமுள்ள மகளுக்கு,

மில் வேலைக்காக ஒடிசாவிலிருந்து புருஷனோடு பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த சுமித்ரா, அடிக்கடி கிண்ணத்தோடு வந்து உறைமோர் கேட்பாள். தயிர் தோய்க்கத் தெரியாத பெண் என்று நினைத்தேன். புருஷன் கையை ஓங்கும்போதெல்லாம் வெளியே வர அவளுக்கு அந்தக் கிண்ணம்தான் சாக்கு என்பது பிறகுதான் புரிந்தது.

நேற்று வெறுங்கையோடு வந்தாள். “அம்மா, இனி அங்க போகல” என்றாள். மொழி தெரியாத ஊரில் அதைச் சொல்ல எம்புட்டுத் துணிச்சல் வேண்டும். அசந்துபோனேன். திண்டுக்கல்லில் இருக்கும் பெண்கள் உதவி மையத்துக்கு நானே கூட்டிப்போய்ச் சேர்த்தேன்.

நீயும் கனடாவிலிருந்து போன் செய்து, பின்னால் மாப்பிள்ளை சத்தம் போட, ரசத்துக்குப் பக்குவம் கேட்கிறாய். பள்ளிக்கூட நாளிலேயே ரசம் வைத்தவள் நீ.

இனி பக்குவம் கேட்காதே. “வாரேன்” என்று சொல்லு, போதும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா