இவருக்கு ஒரு குரல்

மார்ச் 3

காலையில் இவர் என்னமோ கேட்டார். தண்ணீர் கொண்டுவந்தேன். இல்லையாம். ஃபேனை நிறுத்தினேன். அதுவும் இல்லை. கடைசியில் கையை உதறிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன். நாள் முழுக்கப் பேசின வாய். நரம்பு டாக்டர் சொல்லிவிட்டார்: முதலில் பேச்சு போகும், அப்புறம் கை.

டைப் பண்ணினால் உரக்கப் படிக்கிற புரோகிராம் ஒன்று இருக்கிறது. போனில் எழுத்து சின்னது, இவர் விரல் மூன்று எழுத்தைச் சேர்த்து அமுக்குகிறது. லேப்டாப்பில் போட்டால், அது திறப்பதற்குள் சொல்லவந்ததே இவருக்கு மறந்துவிடுகிறது. இருப்பதிலேயே மலிவானது என்று பார்த்து வாங்கினது நான்தானே.

மார்ச் 6

மூக்குக்கண்ணாடிக் கடையில் என் வேலை முடிந்ததும் லேப்டாப்பை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் பார்த்துவிட்டு, இதற்கு விண்டோஸே பாரம் என்றாள். அதற்குப் பதில் லினக்ஸ் என்று ஒன்று, இலவசம், இலேசானது, போட்டுப் பாருங்கள் என்று பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள்.

"சரியா வரும்னு வாக்கு குடுக்க மாட்டேன்க்கா. மலிவு மிஷின்ல ஏதாவது ஒண்ணு அடம் பிடிக்கும்."

மார்ச் 8, ஞாயிறு

பழையதை முழுக்க அழிக்கட்டுமா என்று திரையில் கேட்டது. இவரைப் பார்த்தேன். தலையாட்டினார். அழுத்திவிட்டேன்.

ஏறிவிட்டது. ஆன் செய்தால் பட்டென்று வருகிறது. வைஃபை வந்தது, தமிழ் எழுத்து வந்தது, உரக்கப் படிக்கிற புரோகிராமும் ஏறியது. சத்தம் மட்டும் வரவில்லை. இயர்போன் மாட்டினாலும் ஊமைதான்.

இவர் லேப்டாப்பைக் காட்டினார், பிறகு தன் வாயைக் காட்டினார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11

சத்தம் வராததைப் பற்றி இணையத்தில் கேட்டிருந்தேன். முகம் தெரியாத யாரோ பதில் போட்டிருந்தார். அவர் சொன்ன கட்டளையை, அதற்கென்று திறக்கிற கறுப்புத் திரையில் எழுத்தெழுத்தாக அடித்தேன். ஒன்றும் அசையவில்லை.

மார்ச் 12

மறுபடி. இல்லை.

மார்ச் 19

கொழுந்தன் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டு இவர் பக்கத்தில் வைத்தேன். இவர் பேசினார் — பேசத்தான் செய்தார்.

"அண்ணி, போனை நீங்களே வாங்கிக்குங்க. அண்ணன் சொல்றது ஒண்ணும் புரியல."

இவருக்கும் கேட்டது. காதுதான் நல்லா இருக்கே, பாழாப்போன காது. நான் என்னதான் பண்ணட்டும்? யார்கிட்ட கேக்கிறேன் இதை...

மார்ச் 24

வலது கை விரல்கள் மடங்கினபடியே நிற்கின்றன.

ஏப்ரல் 4

லினக்ஸுக்குப் புது அப்டேட் வந்திருந்தது. நம்பிக்கை இல்லாமல்தான் போட்டேன். ஆன் ஆனதும் டங்கென்று ஒரு சத்தம். இவர் தலை திரும்பியது.

இடது கையில் ஒரே ஒரு விரல். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு குரல் அதைப் படித்தது:

"இது நான் இல்ல."

ஏப்ரல் 17

பிசியோதெரபிஸ்ட் வந்தாள். இவர் தோளைத் தூக்கிப் பார்த்து, "வலிக்குதா சார்?" என்றாள். இவர் லேப்டாப்பில் பதிலை அடிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு என்னிடம், பெரிதாக வலி இருக்காது என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதென்று செருப்பை மாட்டிக்கொண்டாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

அப்புறம் லேப்டாப் சொன்னது: "ஆமா. ரொம்ப."

அறையில் நான்தான் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே என்று கேட்டேன். இவர் விரல் முதல் எழுத்தைத் தேடப் போனது.