மாமாவின் பெயரை நீயே வெட்டு

மலர்,

நான் எழுத்து வெட்டும்போது ஒழுங்காக ஓடுகிற ஸ்ரிக்கர் மெசின், நீ தொட்டால் மட்டும் பாதி எழுத்தில் நிற்பது ஏன் என்று மூன்று நாளாக எனக்குப் பிடிபடவில்லை. அந்த எரிச்சலில்தான் நேற்று, "உன்ர கை ராசியில்லாத கை" என்று சொல்லிவிட்டேன். அப்பாவைப் பறிகொடுத்து ஒரு மாதமாகாத உன்னிடம் சொல்கிற கதையா அது? நீயும், "ஓம், அதுதான் அப்பாவும் போயிட்டார்" என்றாய். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை உன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெட்டிப் பார்த்தேன். எனக்கும் நின்றது!

இந்தச் சோளகக் காற்றில் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. சுருளில் இருந்து ஸ்ரிக்கரை இழுக்கும்போது, அந்த உரசலில் மின்சாரம் உண்டாகி உடம்பில் ஏறுகிறது. நான் வெறுங்காலோடு நிற்பதால் அது நிலத்துக்குப் போய்விடுகிறது. உன் றப்பர் செருப்பு அதை மறிக்கிறது. கை பட்டதும் அது மெசினுக்குள் பாய்கிறது. உன் கையில் ஒரு பிழையும் இல்லை.

கல்லறைச் சிலுவைக்குச் சீமெந்து வாங்கப் போகிறேன். குசினியில் புட்டும் மீன்குழம்பும் மூடியிருக்கிறது. சிலுவைக்கான பெயர்ப்பலகையை எடுக்க உன் தம்பி டினோஜன் நாலு மணிக்கு வருவான். கறுப்பு ஸ்ரிக்கர் ஒரு துண்டுதான் மிச்சம். மாமாவின் பெயரை நீயே வெட்டு.

அனிஸ்ரன்

பி.கு.: குதிக்கால் வெடிப்போடு செருப்பைக் கழற்றாதே. மெசினின் இரும்புச் சட்டத்தில் செப்புக் கம்பி கட்டி, யன்னலுக்கு வெளியே நிலத்தில் அடித்த இரும்புக் குழாயில் முடிந்திருக்கிறேன். நிலம் காய்ந்திருக்கிறது, அந்தக் குழாயைச் சுற்றி ஒரு வாளி தண்ணீர் ஊற்று. ஸ்ரிக்கரை முதலே இழுத்து விட்டு, கம்பியை ஒருதரம் தொடு, உடம்பில் ஏறியது நிலத்துக்கு இறங்கிவிடும். பிறகு மெசினைத் தொடு. உன் செருப்போடு இரண்டு தரம் வெட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை.